கிட்டத்தட்ட சரி

டீச்சருக்கு வேலை போனதற்குக் காரணம் ஒரு டேப். பல வருஷமாக ஒரு பள்ளியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவர். ஒரு கல்வியாண்டு தொடங்கும்போது நிர்வாகம் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு டேப், அதாவது கைக்கணினி, வாங்கிக் கொடுத்தது. இனிமேல் பாடத்தை மென்பொருள் நடத்தும், ஆசிரியர்கள் வகுப்பை ஒரு கண் பார்த்துக்கொண்டால் போதும் என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். ஒரு கண் பார்ப்பதற்கு எதற்கு இரண்டிரண்டு கண்ணுள்ள இத்தனை பேர் என்று அடுத்த பருவத்திலேயே அவர்களுக்குத் தோன்றிவிட்டது. டீச்சருக்கு ஒரு பூங்கொத்தும், அந்த டேப்பிலேயே ஒன்றும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

இணையவழிப் பாடங்களைத் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று கற்பித்தல் தெரிந்த ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்திருந்தது. டீச்சர் விண்ணப்பம் போட்டார். அவர் வீட்டுக்காரர் விளம்பரத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "நம்ம வீட்டுல திருடினவன் வீட்டுக்கே காவலுக்குப் போற மாதிரி இருக்கே" என்றார். ஆனாலும் நேர்காணலுக்குப் போகிற அன்று புடவைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தது அவர்தான்.

அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. தரையில் பிளாஸ்டிக் புல், சுவரோரம் ஓர் ஊஞ்சல், நாற்காலிக்குப் பதிலாக உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் மூட்டைகள். சின்னக் குழந்தைகளுக்கான பள்ளி என்று நினைத்து டீச்சர் ஒரு நொடி கதவருகிலேயே நின்றுவிட்டார். நிறுவனத்தின் தலைவர் ஒரு மூட்டைக்குள் இருந்தபடியே வரவேற்றார். எழுந்து கைகொடுக்கத்தான் நினைத்தார், மூட்டை விடவில்லை.

கற்பித்தலின் ரகசியம் என்ன என்று அவர் கேட்டார். அப்படி ரகசியமெல்லாம் இல்லை, ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பிள்ளை பதில் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கத் தெரிய வேண்டும், பெரும்பாலான வாத்தியார்களுக்கு அதுதான் வராது என்று டீச்சர் சொன்னார். தலைவர் அதைக் கண்ணாடிப் பலகையில் எழுதச் சொல்லி, சுற்றி ஒரு வட்டம் போடச் சொல்லி, வட்டத்திலிருந்து நாலாபக்கமும் அம்புக்குறி போடச் சொன்னார். வேலை கிடைத்துவிட்டது.

கொஞ்ச நாளில் அந்தக் கொள்கை எல்லாப் பாடங்களிலும் ஏறியது. ஒவ்வொரு பக்கத்திலும் 'அடுத்து' என்ற பொத்தான் சற்று நேரம் சாம்பல் நிறத்தில் அமுங்காமல் கிடக்கும். நடுவில் ஒரு சக்கரம் சுற்றும். அதன் கீழே 'காத்திருங்கள், நீங்கள் சிந்தித்துக்கொண்டிருக்கிறீர்கள்' என்று வரும். எதைப் பற்றிச் சிந்திக்கிறார்கள், கேள்வி எங்கே என்று டீச்சர் விசாரித்தார். கேள்வி எதுவும் இல்லை, காத்திருப்பு மட்டும்தான் என்று பதில் வந்தது.

தலைவருக்கு அலுவலகத்தில் விஷன் என்று பெயர். திங்கட்கிழமை தவறாமல் அவருக்கு ஒரு தரிசனம் கிடைக்கும். வெள்ளிக்கிழமைக்குள் அது அவருக்கே மறந்துவிடும். இடைப்பட்ட நாட்களில் மற்றவர்கள் அதைக் கட்டி எழுப்பிக்கொண்டிருப்பார்கள். கட்டி எழுப்புகிறவர்களில் முக்கியமானவர் நிரல் எழுதுகிற ஒருவர். முன்வழுக்கை, மூக்குக்கண்ணாடி, காதில் எந்நேரமும் ஒரு ஹெட்போன். எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்பார். அதனால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. டீச்சர் மட்டும் அவரை சார் என்று கூப்பிட்டார். அந்த அலுவலகத்தில் தன்னை சார் என்று கூப்பிட ஓர் ஆள் இருப்பது அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு பெரிய மருத்துவமனை வாடிக்கையாளராக வந்தது. அங்கே துப்புரவு வேலை செய்யும் எல்லோருக்கும் பாதுகாப்புப் பாடம் வேண்டும், கைப்பேசியிலேயே படித்துத் தேர்வு எழுதுகிற மாதிரி இருக்க வேண்டும். டீச்சருக்கு அந்த மருத்துவமனை நன்றாகத் தெரியும். அவருடைய தம்பி அங்கேதான் துப்புரவுப் பிரிவில் மேற்பார்வையாளர்.

வேதியியல் படித்தவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. கழிவறைக் கறைக்கு அமிலம், கிருமிக்கு பிளீச்சிங் திரவம். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் நல்ல பிள்ளைகள். ஒன்றின் மேல் இன்னொன்றை ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சின்னக் கழிவறையில் மாட்டிக்கொண்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழ வேண்டியதுதான். டீச்சர் ஆசையாக உட்கார்ந்து பாடத்தை எழுதினார். ஒரு கழிவறை, பீங்கானில் மஞ்சள் கறை, அமிலம் ஊற்றித் தேய்த்தும் போகவில்லை, அலமாரியில் சில பாட்டில்கள். அடுத்து என்ன செய்வீர்கள்? தப்பாகச் செய்தால் என்ன ஆகும் என்பதைக் காட்ட வேண்டும். ஏன் என்று சொல்ல வேண்டும். பிறகு வேறொரு அறையில், வேறு பாட்டில்களை வைத்து, அதே ஆபத்தை வேறு வேஷத்தில் கொண்டுவந்து மறுபடி கேட்க வேண்டும். கொஞ்ச நாள் கழித்து, மறந்திருக்கும் நேரத்தில், இன்னொரு முறை. இதில் புதிதாக எதுவுமில்லை. பள்ளியில் அவர் தினமும் செய்ததுதான்.

விஷன் அதைப் படித்துவிட்டு மூட்டைக்குள் இன்னும் கொஞ்சம் அமிழ்ந்தார். பாடம் பிரமாதம் என்றார். ஆனால் மனிதர்கள் ஏற்கெனவே சோர்ந்து போயிருக்கிறார்கள், கற்றல் என்பது ஓர் அணைப்பைப் போல இருக்க வேண்டும், இதில் 'தவறு' என்ற சொல் வருகிறதே என்று வருத்தப்பட்டார். அன்று திங்கட்கிழமை. 'தவறு' என்ற சொல் நிறுவனத்தின் எல்லாப் பாடங்களிலிருந்தும் நாடு கடத்தப்பட்டது. அந்த இடத்தில் 'கிட்டத்தட்ட!' என்று வரும். கூடவே ஒரு கைதட்டல். அதோடு, பாடம் முழுக்கத் துணைக்கு வர ஒரு செல்லப் பாத்திரம் வேண்டும் என்று படம் வரைகிற பெண்ணிடம் சொன்னார்கள். அவள் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குக் கண்ணும் மீசையும் வைத்துக் கொடுத்தாள். அவருக்கு வாளி மாமா என்று பெயர்.

டீச்சர் விடவில்லை. கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திரையில் போடச் சொல்லி, அமிலத்தின் மேல் பிளீச்சிங் திரவத்தை ஊற்றுகிற பதிலை அழுத்திக் காட்டினார். வாளி மாமா குதித்துக்கொண்டு வந்தார். கைதட்டல் எழுந்தது. 'கிட்டத்தட்ட! அருமையான முயற்சி!' என்று வண்ணக் காகிதத் துண்டுகள் பறந்தன.

"இப்படி ஊத்தின ஆள் இப்ப மயங்கிக் கிடக்கறான்" என்றார் டீச்சர் விஷனிடம். "மாமா கைதட்டிட்டு இருக்கார்."

"டீச்சர், அவன் மயங்கினாலும் நம்பிக்கையோட மயங்கணும்" என்றார் விஷன்.

சுற்றி இருந்தவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். ஒருவர் பலகையிலேயே எழுதினார். ஊரே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது நேராக நிற்பவர்தான் கோணலாகத் தெரிவார்.

பாடம் அப்படியே வெளியானது. ஒரே வாரத்தில் துப்புரவுப் பணியாளர்களில் ஏறக்குறைய எல்லோரும் முடித்துவிட்டார்கள். எல்லோருக்கும் தங்கப் பதக்கம். திரையில் சுழலும் பதக்கம்தான், ஆனால் விஷன் அதைப் பார்த்து நிஜமாகவே கண்கலங்கினார். வரைபடத்தில் கோடு மலையேறியது. அதைப் பெரிதாக அச்சடித்து ஊஞ்சலுக்கு மேலே மாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவியோடு டீச்சர் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். சாப்பிட்டு முடித்ததும் கைப்பேசியை எடுத்துப் பதக்கத்தைக் காட்டினான். தன் பிரிவிலேயே தான்தான் முதலில் முடித்ததாகப் பெருமையாகச் சொன்னான். எப்போது படித்தாய் என்று டீச்சர் கேட்டார். முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தபோது முடித்துவிட்டதாகச் சொன்னான். சக்கரம் சுற்றுகிற நேரத்தில் கண்ணாடியில் கிருதாவைப் பார்த்துக்கொண்டானாம். வீட்டுக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மச்சினனின் கிருதா உண்மையிலேயே சமமாக இருந்தது.

டீச்சர் பாத்திரம் துலக்கிக்கொண்டே, போகிறபோக்கில் கேட்பது மாதிரிதான் கேட்டார்.

"அமிலம் ஊத்தித் தேய்ச்சுட்ட. கறை போகல. அடுத்து என்னடா பண்ணுவ?"

"கொஞ்சம் பிளீச்சிங்கை மேல ஊத்தி ஊற விடுவேன்" என்றான் தம்பி. "ரெண்டும் சேர்ந்தா பவர் ஜாஸ்தி."

டீச்சர் குழாயை மூடினார். கை ஈரத்தோடு அப்படியே நின்றார். மருத்துவமனையின் அடித்தளத்தில் அந்த வரிசைக் கழிவறைகளை அவர் பார்த்திருக்கிறார். கதவைச் சாத்தினால் காற்று நுழைய ஓட்டை கிடையாது. அதற்குள் இவன் குனிந்து நிற்பது போல அவருக்குத் தோன்றியது. சின்ன வயதிலிருந்தே இவனுக்குக் குளிர்காலத்தில் மூச்சு இழுக்கும்.

அப்படிச் செய்யவே கூடாது, அது விஷம் என்று அவர் சத்தமாகவே சொல்லிவிட்டார். தம்பிக்கு முகம் சுருங்கியது. மச்சான் முன்னாலும் மனைவி முன்னாலும் இப்படிக் கேள்வி கேட்டு மடக்க வேண்டுமா என்ற வருத்தம் அவனுக்கு. "உங்க கம்பெனிதானே அக்கா பதக்கம் கொடுத்துச்சு?" என்றான். பிறகு, சரி சரி, கலக்க மாட்டேன் என்றான். அந்தச் சரியை டீச்சர் ஆயிரம் பிள்ளைகளின் வாயில் கேட்டிருக்கிறார். மணி அடித்தால் போதும் என்று சொல்கிற சரி அது.

மறுநாள் விஷனிடம் நடந்ததைச் சொன்னார். அவர் ஊஞ்சலுக்கு மேலிருந்த வரைபடத்தைக் காட்டினார். ஒரு தனிமனிதரின் அனுபவத்தை வைத்துப் பாடத்தை எடைபோடக் கூடாது, தரவு வேறு சொல்கிறது என்றார். அப்படியானால் நம்மிடமே சோதித்துப் பார்க்கலாம், இங்கே எல்லோரும் அந்தப் பாடத்தை முடித்துப் பதக்கம் வாங்கியவர்கள்தானே என்று டீச்சர் கேட்டார். விஷனுக்குச் சோதனை என்றால் பிடிக்கும். அந்தச் சொல் கூட்டங்களில் எடுபடும்.

டீச்சர் இரண்டு பழைய பாட்டில்களைக் கழுவி, வெறும் தண்ணீரில் சாயம் கலந்து நிரப்பினார். ஒன்றில் அமிலம், ஒன்றில் பிளீச்சிங் என்று ஒட்டினார். அலுவலகக் கழிவறையில் வைத்து, ஒவ்வொருவராக உள்ளே வரச் சொன்னார். அமிலம் ஊற்றியாகிவிட்டது, கறை போகவில்லை, இனி உங்கள் பாடு என்றார். படம் வரைகிற பெண் ஊற்றினாள். கணக்கர் ஊற்றினார். பார்க்கலாம் சிறிது யோசித்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கவனமாக ஊற்றினார். கடைசியாக வந்த விஷன் முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டு, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தார். வரவேற்பில் இருந்த பெண் மட்டும் ஊற்றவில்லை. அவளுக்கு பாட்டிலின் மூடியைத் திறக்க வரவில்லை.

வெளியே வந்ததும் டீச்சர் விஷயத்தை உடைத்தார். இது நிஜ திரவமாக இருந்திருந்தால் இந்நேரம் உங்கள் எல்லோரையும் டயர் கடைக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும் என்றார். விஷன் கையைத் துடைத்துக்கொண்டே ஆழ்ந்து யோசித்தார். அவருக்கு உறைத்துவிட்டது என்றே டீச்சர் நினைத்தார்.

"அப்ப இந்தக் கேள்வி ரொம்பக் கஷ்டமா இருக்கு டீச்சர்" என்றார் விஷன். "எடுத்துடலாம்."

அன்று மதியம் பார்க்கலாம், டீச்சரின் மேசைக்கு வந்து நின்றார். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர் அதைக் கழற்றி டீச்சர் பார்த்ததில்லை. காது சிவந்து போயிருந்தது.

"அந்தக் கைதட்டல் நான் வச்சது டீச்சர்" என்றார். "அந்தப் பக்கத்தை எத்தனை தடவை ஓட்டிப் பாத்திருப்பேன். எனக்கே தெரியல பாருங்க." பிறகு, "நீங்க முதல்ல எழுதின பாடம் இருக்கில்ல, அதைக் கொடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் மதியச் சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். வாளி மாமாவை அந்தக் கேள்வியின் பக்கம் வரவிடாமல் தடுத்தார்கள். தப்பாக ஊற்றினால் திரை மெதுவாக வெளுத்து மூடிக்கொள்ளும். ஒருவர் இருமுகிற சத்தம் கேட்கும். அதை நிறுத்தவும் முடியாது, தாண்டவும் முடியாது. பிறகு, 'நீங்கள் இப்போது நச்சு வாயுவை உண்டாக்கிவிட்டீர்கள். வெளியே போய் மற்றவர்களையும் வெளியே கூப்பிடுங்கள்' என்று வரும். அதற்கு மேல் ஏன் என்ற விளக்கம், அதற்கு மேல் வேறு அறை, வேறு பாட்டில். ஒரே நாளில் முடிக்க முடியாது. இடைவெளி விட்டுத் திரும்பி வந்து சரியாகச் செய்தால்தான் பதக்கம். இருமல் பார்க்கலாமுடையது. அந்த வாரம் அவருக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. படிக்கட்டில் நின்று பதிவு செய்தார். எதிரொலியும் சேர்ந்துகொண்டது.

விஷனிடம் அனுமதி வாங்க வேண்டாமா என்று டீச்சர் தயங்கினார். வாங்கலாம், ஆனால் கேள்வியை எடுக்கச் சொன்னதே அவருக்கு மறந்துவிட்டது, போய்க் கேட்டால் நினைவு வந்து எடுத்துவிடுவார் என்றார் பார்க்கலாம். புதிய பதிப்பு 'சிறு திருத்தங்கள்' என்ற தலைப்பில் போனது. தலைப்புக்குக் கீழே இருப்பதை விஷன் எதிலும் படித்ததில்லை.

அவர் படிக்காவிட்டாலும் மருத்துவமனைக்காரர்களின் காதில் விழத்தானே செய்யும். துப்புரவு ஆட்களின் கைப்பேசிகளிலிருந்து நடைபாதை எங்கும் இருமல் கேட்கத் தொடங்கியது. சாப்பாட்டுக் கூடத்தில் இருமல், லிஃப்டில் இருமல், துணி துவைக்கிற இடத்தில் கோரஸாக இருமல். புதிதாக ஏதோ தொற்று வந்துவிட்டது என்று நோயாளியின் உறவினர் ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். ஒரு டாக்டர் துடைப்பத்தோடு நின்றவரின் சட்டைப் பையில் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்துப் பார்த்ததாகவும் ஒரு பேச்சு. எல்லோரின் தங்கப் பதக்கமும் காணாமல் போயிருந்தது. ஊஞ்சலுக்கு மேலிருந்த கோடு மட்டும் விஷயம் தெரியாமல் மலையேறிக்கொண்டிருந்தது. கணினியில் இருந்த கோடு பள்ளத்தாக்கில் கிடந்தது.

தம்பி போன் செய்தான். வணக்கம், நலமா எதுவும் இல்லை. "அக்கா, என் பதக்கம் எங்க?" என்றான். டீச்சர் நிதானமாக விளக்க ஆரம்பித்தார். மேற்பார்வையாளனான தனக்கே பதக்கம் இல்லாமல் மற்றவர்களிடம் எப்படி வேலை வாங்குவது, மானம் போகிறது என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான். பிறகு பல நாள் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி மட்டும் வந்து, நாத்தனாருக்கும் புருஷனுக்கும் நடுவில் தான் படும் பாட்டைச் சொல்லி அழாத குறையாகச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. பாதுகாப்பு அதிகாரி நேரில் பார்க்க வேண்டும் என்றார். விஷனுக்கு அப்போதுதான் எல்லாம் தெரியவந்தது. அவர் கத்தவில்லை. கத்துவது அவருடைய கொள்கைக்கு எதிரானது. ஏமாற்றப்பட்ட ஓர் அணைப்பைப் போல டீச்சரைப் பார்த்தார். காரில் போகும்போது, மன்னிப்பைத் தானே கேட்டுக்கொள்வதாகவும், டீச்சர் எதுவும் பேச வேண்டாம் என்றும், திரும்பி வந்ததும் அவருடைய எதிர்காலத்தைப் பற்றி மனம்விட்டுப் பேசலாம் என்றும் சொன்னார். மனம்விட்டுப் பேசலாம் என்று சொல்லித்தான் பள்ளியிலும் அனுப்பினார்கள். டீச்சர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பழைய பாடத்தைத் திரும்ப வைக்கச் சொன்னால் வைக்க மாட்டேன் என்பதில் மட்டும் மனசு கல்லாக இருந்தது.

பாதுகாப்பு அதிகாரி நரைத்த தலையும் தேய்ந்த செருப்புமாக ஒரு பெண்மணி. மேசையில் புகார்கள் குவிந்திருப்பதாகச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினார். விஷன் உடனே நெஞ்சில் கைவைத்து வருத்தம் தெரிவித்தார். அதிகாரி அவரை முடிக்கவிட்டார். பிறகு, கிடங்குப் பொறுப்பாளரின் புகாரைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும் என்றார். இத்தனை காலமாக அமிலத்தையும் பிளீச்சிங்கையும் பெரிய கேனிலிருந்து பழைய ஜூஸ் பாட்டில்களில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். இப்போது துப்புரவு ஆட்கள் பெயர் ஒட்டாத பாட்டிலைக் கையில் வாங்க மாட்டேன் என்கிறார்கள், கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள், வேலையே ஓடவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். போன வாரம் அறுவைப் பிரிவுக் கழிவறையில் ஒரு பெண், இன்னொரு பெண்ணின் கையிலிருந்த பாட்டிலைத் தட்டிவிட்டு அவளை வெளியே இழுத்து வந்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் சண்டை, அதற்கும் ஒரு புகார்.

"எனக்கு இந்த மாதிரி புகார் வந்து பழக்கமே இல்ல" என்றார் அதிகாரி. "யார் இதை மாத்தினது?"

விஷன் மூச்சை உள்ளே இழுத்தார். இது எங்கள் எல்லோருடைய கூட்டுக் கனவு என்று ஆரம்பித்தார். காரில் வாங்கிய உத்தரவெல்லாம் டீச்சருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

"நான்தான்மா மாத்தினேன். கூட ஒருத்தர் உதவி பண்ணார். யார்கிட்டயும் அனுமதி வாங்கல."

அதிகாரி விஷனை விட்டுவிட்டு நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பினார்.

"அப்ப உங்களையே கேக்கறேன். மிச்சப் பாடங்கள்ல எதெதுல இன்னும் அந்த வாளி கைதட்டிட்டு இருக்கு?"

டீச்சர் பொய் சொல்லியிருக்கலாம். விஷன் மிதித்து எச்சரிக்க மேசைக்கடியில் அவர் காலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எல்லாத்துலயும்" என்றார் டீச்சர். "பயன்படுத்தின ஊசியைக் குப்பைப் பையில போட்டாலும் கைதட்டும். ரத்தம் சிந்தின இடத்தை வெறுங்கையால துடைச்சாலும் கைதட்டும்."

விஷனின் முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை, எதைத் தேர்ந்தெடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது. அதிகாரி எழுந்து போய்க் கதவைத் திறந்து, வெளியே இருந்தவரிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். வந்து உட்கார்ந்து, எல்லாப் பாடங்களையும் இந்த அம்மாவே மறுபடி எழுத வேண்டும், அதுவரை வாளியை எங்காவது கவிழ்த்து வையுங்கள் என்றார். எழுதும்போது இங்கே வந்து ஆட்களோடு இருந்து பார்க்க வேண்டுமானால் அடையாள அட்டை தரச் சொல்கிறேன் என்றும் சொன்னார். வேண்டும் என்று டீச்சர் தலையை ஆட்டினார்.

மாடியிலிருந்து இறங்குகிற நேரம்தான் விஷனுக்குத் தேவைப்பட்டது. கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்தபோது அது அவருடைய யோசனையாகிவிட்டிருந்தது. காரில் ஏறும்போதே, ஆரம்பத்திலிருந்து நான் அணைப்பு அணைப்பு என்று சொன்னது இந்த மாதிரி கண்டிப்பான அணைப்பைத்தான் என்றார். டீச்சரின் எதிர்காலம் பற்றிய மனம்விட்ட பேச்சு அப்படியே அமுங்கிப்போனது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே பூதம்தான் கிணற்றை வெட்டியதாகச் சொல்லிக்கொண்டது.

திங்கட்கிழமை புதிய தரிசனம் அறிவிக்கப்பட்டது. இருமல். நிறுவனத்தின் எல்லாப் பாடங்களிலும் இருமல் வரும். வங்கி ஊழியர் படிவத்தில் தேதியை மாற்றி எழுதினால் இருமல். விடுதி வரவேற்பாளர் விருந்தினரைப் பார்த்துச் சிரிக்க மறந்தால் இருமல். அதைப் பற்றி விஷன் ஒரு மாநாட்டில் பேசிவிட்டும் வந்தார். 'இருமல்வழிக் கற்றல்' என்று பெயர் வைத்திருந்தார். கேட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

இருமலில் எதுவும் இல்லை, செய்ததன் விளைவைச் செய்தவரின் கண்முன்னால் காட்டுவதுதான் விஷயம், தேதி தப்பானால் யாருக்கும் மூச்சு முட்டாது என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். விஷன் ஆர்வமாகக் கேட்டார், பலகையில் எழுதச் சொன்னார், வட்டம் போடச் சொன்னார். பிறகு பார்க்கலாமிடம் இன்னும் நாலைந்து வகை இருமல் பதிவு செய்யச் சொன்னார். அவருக்கு ஜலதோஷம் சரியாகிவிட்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் 'முடியாது' என்றார். அலுவலகம் ஸ்தம்பித்துப் போனது. கடைசியில் வாடிக்கையாளர் கேட்டால் மட்டும் இருமல் என்று ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். ஒரு வங்கி கேட்டு வாங்கிக்கொண்டது. அவர்கள் தலைவிதி.

தம்பி அந்தப் பாடத்தில் பல முறை இருமி, கடைசியில் தேறினான். அதை டீச்சரிடம் அவன் சொல்லவில்லை. அவன் மனைவிதான் போன் செய்தாள். குரலில் கோபம் கொதித்தது. அவன் வீட்டில் பெயர் ஒட்டாத பாட்டில் ஒன்று விடாமல் தூக்கி எறிந்துவிட்டானாம். அவள் சமையலுக்கு வைத்திருந்த வினிகரும் போய்விட்டதாம். குளியலறைக்குள் அவள் எதைக் கொண்டுபோனாலும் வாசலில் நின்று, அடுத்து என்ன செய்வாய் என்று கேள்வி கேட்கிறானாம்.

"அண்ணி, உங்க பாடத்தைக் கொஞ்சம் குறைச்சு வைங்க" என்றாள். "வீட்டுல ஒரு வாத்தியார் போதும்."

டீச்சர் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வைத்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தார். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, யார் போனில் என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது முழுக்கச் சிரிப்புதானா என்று அவர் கேட்கவில்லை, தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நிறுவனம் டீச்சரைக் கற்பித்தல் துறையின் தலைவராக்கியது. துறை என்பது டீச்சரும் ஒரு நிஜமான நாற்காலியும். நாற்காலிக்குத்தான் அவர் அதிகம் போராட வேண்டியிருந்தது. பார்க்கலாம் தன்னையும் அந்தத் துறைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர்களுக்கு வந்த முதல் வேலை லிஃப்ட் பழுதுபார்ப்பவர்களுக்கான பாடம். விஷன் அதற்குள் லிஃப்டுக்குக் கண்ணும் மீசையும் போட்டு ஒரு படம் தயாராக வைத்திருந்தார். டீச்சர் அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். முதலில் லிஃப்ட் ரிப்பேர் நடக்கிற ஓரிடத்துக்குப் போய், அந்தக் குழிக்குள் இறங்கி, ஆட்கள் எங்கே தப்பு செய்கிறார்கள் என்று சில நாள் பார்க்க வேண்டும் என்றார்.

குழிக்குள் இறங்குவதைப் பாடத்தில் எந்தப் பக்கத்தில் போடப்போகிறீர்கள் என்று விஷன் கேட்டார்.

டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டார். பார்க்கலாம் எங்கிருந்தோ இரண்டு தலைக்கவசங்களை வாங்கி வந்திருந்தார். ஒன்று அவருடைய வழுக்கைக்குப் பெரிதாக இருந்தது. இருவரும் டயர் கடை வழியாக இறங்கித் தெருவுக்கு வந்து, பேருந்துக்கு நின்றார்கள்.